தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகளா நம் பிள்ளைகள்?

“அம்மா, தம்பிப் பாப்பா எங்கேயிருந்து வந்தான்?”

ஓசூர் சிப்காட் ஓரத்து லைன் வீடுகளிலும் சரி, தளி, கெலமங்கலம், அஞ்செட்டி பக்கத்துக் குடிசைகளிலும் சரி, மூன்று நாலு வயதான குழந்தை என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. நமது எல்லைப் பிரதேசத்திலே இதைத் தமிழில் கேட்கிற குழந்தை உண்டு. தெலுங்கில் கேட்கிற குழந்தை உண்டு. கன்னடத்திலும் உருதுவிலும் கேட்கிற குழந்தை உண்டு. பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் வீடுகளில் ஒரியாவிலும் இந்தியிலும் கேட்கிற குழந்தைகளும் இப்போது சேர்ந்துகொண்டார்கள். கேள்வி எத்தனை பாஷையில் வந்தாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: ஒரு பொய், அல்லது ஓர் அதட்டல், அல்லது முதுகிலே ஓர் அடி!

“உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்கிறாள் பாட்டி. “ஆஸ்பத்திரியில் நர்சம்மா கொடுத்தாங்க” என்கிறாள் அம்மா. “குப்பைமேட்டில் கிடந்தாய், பாவம் என்று எடுத்து வந்தோம்” என்கிறார் மாமா. எல்லோரும் சிரிக்கிறார்கள். குழந்தை மட்டும் சிரிப்பதில்லை. தவிடு மாட்டுத் தொட்டியில் கொட்டுகிற பொருள் என்பது அதற்குத் தெரியும். குப்பைமேட்டில் என்ன கிடக்கும் என்பதும் தெரியும். பத்து மாதம் சுமந்து, செத்துப் பிழைத்துப் பெற்ற பிள்ளையிடம், “நீ ஒரு மரக்கால் தவிட்டுக்குக் கிடைத்த சரக்கு” என்று சொல்கிறோமே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

“அரிசி விலை ஏறுகிறது, காண்டிராக்டர் கூலியைப் பிடிக்கிறான், இந்த நேரத்தில் இது ஒரு பிரச்னையா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். பிரச்னைதான். குழந்தையின் இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பொய், ஏதோ ஒரு நாள் விளையாட்டோடு போவதில்லை. ‘உடம்பைப் பற்றிக் கேட்காதே, பேசாதே’ என்ற முதல் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பாடத்தின் லாபம் யாருக்குப் போகிறது, நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மாட்டுக் கொட்டகையில் மறைவு உண்டா?

முதலில் ஒரு கேள்வி. நமது குழந்தைகளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா?

விவசாயத் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை பசு கன்று போடுவதைப் பார்த்தபடி வளர்கிறது. வெள்ளாடு குட்டி ஈனும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு தருகிறது. கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் பல நேரம் எட்டு வயதுப் பையன்தான்! “எந்த ஜாதிக் காளையின் ஊசி, எத்தனை நாளில் சினை தெரியும், எப்போது ஈனும்” என்று அப்பனும் டாக்டரும் பேசுவதை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கால்நடை வளர்ப்புக்குப் பேர்போன மத்திகிரிப் பண்ணை இருக்கிற ஊர் நமது ஊர். மாட்டு விஷயத்தில் இங்கே யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் அதே பையன் வீட்டுக்கு வந்து, “தங்கச்சியும் இப்படித்தான் வந்தாளா?” என்று கேட்டால், வாயிலே விழுகிறது அடி!

இன்னொரு கொடுமையையும் பாருங்கள். விதைப் பருத்தி வயல்களில் ‘கிராசிங்’ வேலை என்று ஒன்று உண்டு. ஒரு செடியின் பூவிலுள்ள மகரந்தத்தை எடுத்து மற்றொரு செடியின் பூவிலே தடவி, விதை உண்டாகச் செய்கிற வேலை. இந்த வேலையில் சின்னஞ்சிறு பெண்களை வாட்டி வதைத்தது ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்ட உண்மை. காலை முதல் மாலை வரை ஆண் பூவையும் பெண் பூவையும் சேர்த்து விதை உண்டாக்க ஒரு சிறுமியின் விரல்கள் வேண்டும். விதைக் கம்பெனியின் லாபத்துக்கு அந்த அறிவு வேண்டும். அவள் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மட்டும் பண்பாடு கெட்டுவிடும்! எப்படி இருக்கிறது நியாயம்?

ஆகவே, குழந்தைகளுக்குத் தெரியாமலிருக்கிறது என்பது பொய். பாதி தெரிகிறது, மீதியைக் கேட்கிறார்கள். அந்த மீதியைத்தான் நாம் மறுக்கிறோம்.

மனித குலமே கேட்ட கேள்வி

இது ஏதோ அதிகப்பிரசங்கித்தனமான கேள்வியும் அல்ல. மனித குலத்தின் பெரிய பெரிய மூளைகளெல்லாம் இரண்டாயிரம் வருஷம் முட்டி மோதிய கேள்வி. 1677ல் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் மூலம் ஆணின் விந்தணுவைக் கண்டார். தாய் வயிற்றுக்குள் இருக்கும் முட்டையை, அதாவது பாலூட்டிகளின் கருமுட்டையை, 1827ல் பேயர் என்ற விஞ்ஞானி கண்டார். அதற்கே 150 வருஷம் பிடித்தது! 1876ல்தான் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர், ஒரு கடல் பிராணியின் முட்டையில் விந்தணு புகுந்து இரண்டும் ஒன்றாகும் காட்சியைக் கண்டு எழுதினார்.

அதாவது, நாலு வயதுக் குழந்தை கேட்கிற கேள்விக்குச் சரியான பதில் உலகத்துக்குக் கிடைத்து இன்னும் இருநூறு வருஷம்கூட ஆகவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிற குழந்தையை மெச்ச வேண்டும். நாமோ அடிக்கிறோம்.

பெண் பிறந்தால் யார் ‘குற்றம்’?

அந்த அறிவு நமது வீட்டுக்குள் வராததால் நடந்த அக்கிரமம் கொஞ்சமா?

1905ல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். அவர் சீமாட்டி அல்ல. தச்சுத் தொழிலாளியின் மகள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்துப் படித்தவர். மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து அவர் கண்டது இதுதான்: பிறப்பது ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் விந்தணுவில் இருக்கும் குரோமோசோம். தாயின் முட்டை எல்லாம் ஒரே மாதிரிதான். விந்தணுவில்தான் இரண்டு ரகம். மனிதருக்கும் அதுவே விதி.

நூற்றிருபது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நமது ஊர்களில், “மூன்றாவதும் பொட்டையாப் பெத்துப் போட்டாளே!” என்று மாமியார் பிலாக்கணம் வைக்கிறாள். புருஷன் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறான். தீர்மானித்தவன் அவன்; தண்டனை அவளுக்கு!

இது வெறும் ஏச்சுப் பேச்சோடு நிற்கவில்லை. பெண் சிசுக்களைக் கொன்ற கொடுமையால் சேலம், தருமபுரிச் சீமை நாடெங்கும் தலைகுனிந்தது. 1992ல் சேலத்தில் சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தது. 2001ல் அது தருமபுரிக்கும் வந்தது. அன்று நமது கிருஷ்ணகிரியும் தருமபுரி ஜில்லாவில்தான் இருந்தது. 2004ல்தான் தனி ஜில்லா ஆயிற்று. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதை 1994ஆம் வருஷச் சட்டம் குற்றமாக்கிய பிறகும், 2022ல் தருமபுரிப் பக்கம் கையோடு ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு திரிந்த கும்பல் பிடிபட்டது. ஏழைத் தாயிடம் ஆயிரம் ஆயிரமாகப் பிடுங்கிக்கொண்டு, வயிற்றிலிருப்பது பெண் என்று சொல்லி, கருவைக் கலைக்க வழிகாட்டுகிற வியாபாரம்!

குழந்தை எப்படி உண்டாகிறது என்று பத்து வயதிலே சொல்லிக் கொடுத்திருந்தால், இருபத்தைந்து வயதிலே அவன் பெண்டாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவானா? எல்லா ஆணும் திருந்திவிடுவான் என்று நான் சொல்லவில்லை. வரதட்சணையும் சொத்தும் இருக்கிற வரை பெண் வெறுப்பும் இருக்கும். ஆனால் அந்த வெறுப்புக்குச் சாக்காக நிற்கிற அறியாமையையாவது ஒழிக்கலாமே!

மௌனத்தின் விலை

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அடுத்த விஷயத்துக்கு வாருங்கள்.

2024 ஆகஸ்டில், நமது ஜில்லாவில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு போலி முகாம் நடந்தது. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்.சி.சி. பிறகு அறிவித்தது. அங்கே தங்க வைக்கப்பட்ட 12 வயதுச் சிறுமி நாசமாக்கப்பட்டாள். 13 சிறுமிகள் பாதிக்கப்பட்டதாகப் போலீஸ் விசாரணையில் தெரிந்தது. இதைக் கேட்டு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். குழந்தை மௌனமாக இருக்கவில்லை, பள்ளியில் சொன்னாள். சொன்ன பிறகும் விஷயத்தை மூடி மறைக்கப் பார்த்தார்கள் என்பது போலீஸ் தொடுத்த வழக்கு. பள்ளி முதல்வர் உட்பட நிர்வாகத்தினர் கைதானார்கள்.

ஆறு மாதம்கூடச் செல்லவில்லை. 2025 பிப்ரவரியில் இதே ஜில்லாவில் ஓர் அரசுப் பள்ளியில் 13 வயதுச் சிறுமிக்குக் கொடுமை இழைத்ததாக மூன்று ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தக் குழந்தை பல நாள் பள்ளிக்கே வராமலிருந்தாள். ஏன் வரவில்லை என்று விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

குற்றம் குற்றவாளியுடையது, குழந்தையுடையதுமல்ல, பெற்றவர்களுடையதுமல்ல. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் குற்றவாளி எதை நம்பிக் கை வைக்கிறான்? ‘இந்தப் பிள்ளை வெளியே சொல்லாது, சொன்னாலும் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பினாலும் மானம் போகும் என்று மூடிவிடுவார்கள்’ – இந்த மூன்று பூட்டுகளைத்தான் அவன் நம்புகிறான். அந்தப் பூட்டுகளைத் தயாரித்துக் கொடுத்தது யார்? “சீ! அதையெல்லாம் பேசக்கூடாது!” என்று மூன்று வயதிலேயே வாயை அடைத்த நாம்தான்!

மத்திய சர்க்காரின் பெண்கள், குழந்தைகள் நல மந்திரிசபை 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். நூற்றுக்கு 53 குழந்தைகள் ஏதோ ஒரு விதமான பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

எப்படிச் சொல்லும்? சொல்வதற்கு அதனிடம் வார்த்தை ஏது? இதை யோசித்துப் பாருங்கள் தோழர்களே! மூக்குக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தோம். முழங்காலுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தோம். பிறப்புறுப்புக்கு நாம் கற்பித்த பெயர் என்ன? ‘ஷேம் ஷேம்!’ அதோடு சரி. பிறகு அந்தக் குழந்தை தெருவிலே கேட்கிற பெயர், குழாயடிச் சண்டையிலும் சாராயக் கடையிலும் பறக்கிற வசைச் சொல். ஒன்று அசிங்கம், மற்றது வசவு. தனக்கு ஒரு கொடுமை நேர்ந்தால் எந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அது தாயிடம் வரும்?

பண்பாட்டுக் காவலர்களின் கூப்பாடு

இந்த நிலைமையை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2005ல் மத்திய சர்க்கார் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்றைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. உடனே கிளம்பியது கூப்பாடு! 2007ல் பல மாநில சர்க்கார்கள் அதை நிறுத்தின. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நமது சொந்தபந்தம் வாழ்கிற கர்நாடகமும் அதில் ஒன்று. 2009ல் வெங்கையா நாயுடு தலைமையில் இருந்த ராஜ்யசபா மனுக் கமிட்டி, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று சிபாரிசு செய்தது. கல்யாணத்துக்கு முன் உறவு கூடாது என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றது. நாட்டின் பண்பாட்டுக்கு ஆபத்தாம்!

மந்திரிசபை ஆய்வு நூற்றுக்கு 53 என்று சொன்னது 2007ல். சர்க்கார்கள் பாடத்தை நிறுத்தியதும் அதே 2007ல். வீடு பற்றி எரிகிறது என்று ஒருவன் கத்துகிறான். தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறான் மற்றவன்!

எது நமது பண்பாடு? கோயிலில் மூர்த்தி இருக்கிற இடத்துக்கே ‘கருவறை’ என்று பெயர் வைத்த மொழி நமது மொழி. வளைகாப்பு என்று கர்ப்பிணிக்கு ஊர் கூடி வளையல் அடுக்குகிற ஜனங்கள் நாம். கருவும் கர்ப்பமும் நமக்கு என்றைக்கு அசிங்கமாக இருந்தது?

கேள்விக்குப் பதில் சொல்வதையே குற்றமாக்குவது இவர்களுக்குப் புதிதுமல்ல. பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே 1927 முதல் 1953 வரை ‘சமாஜ ஸ்வாஸ்தியம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். உடம்பைப் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்ட சந்தேகங்களுக்கு அதில் விஞ்ஞான ரீதியாகப் பதில் சொன்னார். அதற்காக 1934ல் வெள்ளைக்கார சர்க்கார் ஆபாச வழக்குப் போட்டது. அந்த வழக்கில் கார்வேக்காக வாதாட வந்தவர் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர்! வழக்கு தோற்றது, அபராதம் விழுந்தது. ஆனால் அறிவைக் கேட்பவனுக்கு அறிவைக் கொடுப்பது ஆபாசம் அல்ல என்ற அந்த வாதம் தோற்கவில்லை. தமிழ்நாட்டிலும் பெரியாரின் ‘குடி அரசு’ அந்த நாட்களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் எழுதியது. இதுவும் நமது பண்பாடுதான்!

சுவீடன் தேசத்தில் 1955லேயே பள்ளிகளில் இதைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். அந்தத் தேசம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. நமது சுப்ரீம் கோர்ட்டே 2024 செப்டம்பரில், பாலியல் கல்வியைப் பற்றி நாட்டில் நிலவும் தப்பெண்ணங்களைச் சுட்டிக்காட்டி, அந்தக் கல்வி அவசியம் என்று வலியுறுத்தியிருக்கிறது. கோர்ட்டு சொன்னதைப் பண்பாட்டுக் காவலர்கள் காதில் போட்டுக்கொள்வார்களா?

ஊருக்குப் பேனர், பெண்ணுக்கு மௌனம்

நமது வீட்டு ஆஷாடபூதித்தனத்தையும் விடக்கூடாது. பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்றால் என்ன செய்கிறோம்? ரோட்டோரத்தில் ஆளுயர பிளெக்ஸ் பேனர்! பெண்ணின் போட்டோ, தாய்மாமன் போட்டோ, கட்சித் தலைவர்கள் போட்டோ! ஒலிபெருக்கி, பந்தல், மொய்! பஸ்ஸில் போகிறவனுக்கெல்லாம் அவள் உடம்பின் செய்தியை அறிவிக்கிறோம். ‘ஏன் ரத்தம் வந்தது? எனக்கு ஏதாவது நோயா?’ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம், உடையவளுக்குத் தெரியாது!

அதற்குப் பிறகு? 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப் பகுதியில் நடந்ததை நாடே பார்த்தது. 14 வயதுச் சிறுமி. பெங்களூரில் வைத்துக் கட்டாயத் தாலி. மாட்டேன் என்று கதறக் கதற அவளைத் தோளிலே தூக்கிக்கொண்டு போன காட்சி செல்போன்களில் ஓடியது. பிறகுதான் போலீஸ் வந்தது, கைது நடந்தது. எல்லையைத் தாண்டினால் சட்டம் தொடராது என்ற எண்ணம்!

குழந்தை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற வயதிலே சொல்லக்கூடாதாம். சொல்லாமலேயே வைத்திருந்து, அவளே குழந்தையாக இருக்கும்போது குழந்தை பெறச் சொல்லலாமாம்! இதற்குப் பெயரா பண்பாடு?

என்ன பதில் சொல்வது?

“சரி, சொல்ல வேண்டும் என்கிறாய். எப்படிச் சொல்வது? நாக்கு வரவில்லையே!” என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் கூச்சம். ஆனால் காரியம் நினைக்கிற அளவு கஷ்டமில்லை. குழந்தை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கேட்காததைக் கொட்ட வேண்டாம்; கேட்டதை மறைக்கவும் வேண்டாம்.

மூன்று நாலு வயதில் கேட்டால்: “அம்மா வயிற்றுக்குள்ளே கர்ப்பப்பை என்று ஒரு பை இருக்கிறது. அதில்தான் பாப்பா வளர்ந்தான்” என்று சொல்லுங்கள். அந்த வயதுக்கு இதுவே போதும். சந்தோஷமாக விளையாடப் போய்விடும்.

ஐந்தாறு வயதில், “எப்படி வெளியே வந்தான்?” என்று கேட்டால்: “பாப்பா வெளியே வருவதற்கு அம்மா உடம்பிலே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியாக வந்தான். சில சமயம் டாக்டர் வயிற்றில் ஆப்பரேஷன் செய்து எடுப்பார்” என்று சொல்லுங்கள். இதே வயதில் உறுப்புகளின் பெயரையும் சொல்லிவிடுங்கள்: ஆண்குறி, யோனி, மார்பு. கண், காது என்று சொல்கிற அதே குரலில் சொல்லுங்கள். கூடவே சொல்லுங்கள்: “இது உன்னுடைய உடம்பு. குளிப்பாட்டுகிறபோது அம்மா அப்பாவும், நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது டாக்டரும் தவிர வேறு யாரும் அங்கே தொடக்கூடாது. யார் தொட்டாலும், சொல்லாதே என்று யார் சொன்னாலும், எங்களிடம் வந்து சொல். நீ சொன்னால் நாங்கள் நம்புவோம், அடிக்க மாட்டோம்.” அந்தக் கடைசி வாக்கியம்தான் பெரிய கவசம்.

ஏழெட்டு வயதில், “உள்ளே எப்படிப் போனான்?” என்று கேட்டால்: “அம்மா உடம்பில் மிகச் சின்ன முட்டை இருக்கிறது. அப்பா உடம்பில் அதைவிடச் சின்ன விந்தணு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பாப்பா உண்டாகும். பெரியவர்கள் ஆன பிறகு, இருவருக்கும் சம்மதம் இருந்தால்தான் அது நடக்கலாம்” என்று சொல்லுங்கள். பூசணிக் கொடியின் ஆண் பூவையும் பெண் பூவையும் காட்டுங்கள். விவசாயியின் பிள்ளைக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

ஒன்பது பத்து வயதில், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பெண்ணுக்கு மாதவிடாய் என்றால் என்ன, அது நோயுமல்ல தீட்டுமல்ல என்பதை வருவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். பையனுக்கும் அதையே சொல்லுங்கள். குரல் உடைவதும் மீசை அரும்புவதும் ஏன் என்று சொல்லுங்கள். பிறப்பது ஆணா பெண்ணா என்பது தகப்பன் அணுவால் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பதில் தெரியாவிட்டால், “எனக்குத் தெரியவில்லை, கிராம நர்ஸ் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்வதில் அவமானம் இல்லை. கேட்டு வந்து சொல்லவும் வேண்டும்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. “போய் உங்க அம்மாகிட்டே கேள்” என்று கைகழுவாதீர்கள். பிள்ளை இரண்டு பேருக்கும் பிறந்தது. பதிலும் இரண்டு பேருடைய கடமை.

இரண்டு ஆட்சேபணைகள்

“சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும்” என்பது முதல் ஆட்சேபணை. பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம், இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்று சொல்கிறது. ஐந்து வயதிலிருந்தே வயதுக்கேற்றபடி ஆரம்பிக்கலாம் என்றும் வழிகாட்டுகிறது. நாம் சொல்லாவிட்டால் பிள்ளை தெரிந்துகொள்ளாது என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்று. ஒரே அறை கொண்ட லைன் வீடு. அப்பா நைட் ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட். பிள்ளை கையில் செல்போன். நாம் பதில் சொல்லாத கேள்விக்குச் செல்போன் பதில் சொல்லும். பெண்ணை அடித்து மிதித்துச் சரக்காக்குகிற ஆபாசப் படம்தான் அந்தப் பதில். அதை விற்றுக் கோடி கோடியாகக் குவிக்கிறவன் நமது மௌனத்துக்கு நன்றி சொல்கிறான்!

“குழந்தையின் கள்ளமின்மை போய்விடும்” என்பது இரண்டாவது. கள்ளமின்மை வேறு, அறியாமை வேறு. உண்மை தெரிந்த குழந்தையிடம் கள்ளம் வருவதில்லை. பொய் சொல்லிப் பிடிபட்ட பெரியவர்களிடம்தான் கள்ளம் இருக்கிறது. ஏழு வயதில் சினேகிதன் மூலம் உண்மையைத் தெரிந்துகொள்கிற பிள்ளை, “அம்மா பொய் சொன்னாள்” என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்கிறது. பிறகு பெரிய விஷயம் எதற்கும் அம்மாவிடம் வராது.

வீட்டோடு முடியுமா?

முடியாது. இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு அரை உயிரோடு வருகிற தாய்க்குப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரம் எங்கே? 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று சொன்னது. எத்தனை ஆலையில் அது ஒழுங்காக நடந்தது என்பதை ஆலைத் தொழிலாளிப் பெண்களே சொல்லட்டும்! குழந்தையோடு பேசும் நேரமும் உழைப்பாளியின் உரிமைதான். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியது தூங்குவதற்கு மட்டுமல்ல, மனிதராக வாழ்வதற்கும்தான்.

ஆகவே, கூலிக் கோரிக்கைகளோடு இவற்றையும் சேர்த்துக் கேட்போம்:

எல்லாப் பள்ளியிலும், அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், ஆரம்ப வகுப்பிலிருந்தே வயதுக்கேற்ற உடல் அறிவுப் பாடம் வேண்டும். எல்லைப் பகுதியில் அந்தப் பாடம் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் இருக்க வேண்டும். பள்ளிகளில் குழந்தைகள் பயமில்லாமல் புகார் சொல்ல வழி வேண்டும். 2012ஆம் வருஷப் போக்சோ சட்டப்படி, கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது குற்றம். மூடி மறைக்கிறவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் அந்தச் சட்டம் அவர் மீது பாய வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கும் கிராம நர்சுக்கும் இதற்கென்று பயிற்சி வேண்டும். குழந்தைகளுக்கான 1098 டெலிபோன் எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும், ஒவ்வொரு லைன் வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

சங்கக் கூட்டங்களிலும், மாதர் கூட்டங்களிலும், நூறு நாள் வேலைத்தலத்தில் நிழலுக்கு ஒதுங்குகிற நேரத்திலும் இதைப் பேசுங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒரு தாய் மெதுவாக வாய் திறப்பாள். அவள் சொல்வதைக் கேட்டு இன்னொருத்தி பேசுவாள்.

அறிவு எப்போதும் மேலே இருந்தவர்களின் பெட்டியில் பூட்டப்பட்டிருந்தது. எழுதப் படிக்க நமக்கு உரிமை இல்லை என்றார்கள், உடைத்தோம். சட்டம் தெரியக்கூடாது என்றார்கள், தெரிந்துகொண்டோம். நமது உடம்பைப் பற்றியே நமக்குத் தெரியக்கூடாது என்கிற பூட்டு மிச்சமிருக்கிறது. அதை உடைக்கிற வேலையை நமது வீட்டுக் குழந்தைகள் நாலு வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அவர்களுக்கு எதிராக நிற்காதீர்கள், தோழர்களே! கேட்கிற குழந்தைக்கு உண்மையைச் சொல்லுங்கள். நமது பிள்ளைகள் தவிட்டுக்கு வாங்கியவர்கள் அல்ல. தாயின் கருப்பையில் வளர்ந்து, உழைக்கும் தாய் தந்தையரின் வியர்வையில் ஆளானவர்கள். அதைத் தெரிந்துகொண்டு தலை நிமிர்ந்து வளரட்டும்!